கையே முதற் புத்தகம்

(பழைய மாணவரும் பயிற்றப்பட்ட தமிழாசிரியருமான ஒருவர் எழுதியது)

நம் இந்துக் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்துதவுமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவதென்று சில நாள் எண்ணினேன். இத்தகைய மலர்களிலே கல்லூரியின் பெருமையும், பரீட்சைகளிற் சிறந்து விளங்கியோர் வரலாறும் இடம்பெறுதல் வழக்கம். அது முறையுமாகும். ஆயினும், கடைசி வாங்கிலே இருந்து, ஒரு பரிசேனும் பெறாது, ஒருநாள் எவரிடமும் சொல்லாமலே நின்றுவிட்ட மாணவரும் நம்முடன் படித்தவரேயாவர். அவர் பெயர் எம்மலரிலும் வருவதில்லை. அத்தகைய மாணவரைப் பற்றியும், அவர்க்குக் கைவேலையின் வாயிலாகக் கற்பிக்கும் முறையைப் பற்றியும், எழுவைதீவிலே யான் ஆசிரியனாயிருந்த காலத்துக் கண்டவற்றைக் கொண்டு ஈண்டு எழுதப் புகுகின்றேன். என் வெற்றிகளை மட்டுமன்றித் தவறுகளையும் எழுதுவேன். ஆசிரியராக உள்ள அன்பர்க்குப் பின்னவையே பெரிதும் பயன்படும்.

1. தீவும் வகுப்பும்

ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து படகேறிச் சென்றால் எழுவைதீவை அடையலாம். அனலைதீவுக்கு அண்மையிலுள்ள சிறு தீவு அது. பனையும் கடலுமே அத்தீவினர்க்கு வாழ்வு. சில நூறு மக்களே வாழுமிடமாதலின், பாடசாலையிலும் பிள்ளைகள் தொகை சிறிதே. இரண்டு வகுப்புக்களை ஓரறையில் வைத்துக் கற்பிக்க வேண்டியிருக்கும். சோளகக் காற்று வலுக்குங் காலத்திற் படகு ஓடாத நாள்களும் உண்டு. அந்நாள்களிற் கரையிலிருந்து வரும் ஆசிரியர் வரார். ஆகவே, தமிழாசிரியனாகிய என்மீது கணிதமும் சிலகாலம் சுமத்தப்பட்டது.

ஆறாந் தரத்திலே ஒரு மாணவன் இருந்தான். கடற்றொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. அவனுடைய கையெழுத்தைப் போல் அழகிய கையெழுத்து அவ்வகுப்பில் வேறெவர்க்கும் இல்லை. கரும்பலகையில் எழுதியதை ஒரு புள்ளியும் பிசகாது பார்த்தெழுதுவான். அவன் கொப்பியைப் பார்த்து மகிழ்ந்து, ஒரு தவணை முழுவதும் சரியென்று அடையாளமிட்டு வந்தேன். தவணையிறுதியில், அவன் தானே எழுதிய பக்கத்தை வாசிக்குமாறு கூறினேன். அவன் வாய் திறக்கவில்லை. பின்னர் விசாரித்தறிந்தேன், அவனுக்கு எழுத்துக்களிற் பாதிக்கு மேல் ஒலி தெரியாது. எழுத்துக்களை அவன் எழுதியதில்லை. படமாகக் கண்டு வரைந்திருக்கிறான்! மூன்று மாதம் அவனுடைய துன்பத்தை யான் அழகென்று மதிப்பிட்டு வந்தேன். அன்று அவனை வகுப்பின் முன் நிறுத்தி மூன்று முறை வாசிக்கச் சொன்னேன் என்பதை இன்றும் வெட்கத்துடன் நினைக்கின்றேன். அடுத்த ஐந்து நாள் அவன் பாடசாலைக்கு வரவில்லை.

ஆறாம் நாள் கரைப்பக்கமாக நடந்தபோது, அவன் தன் தந்தையாருடன் இருந்து கிழிந்த வலையொன்றைச் சீர்செய்துகொண்டிருக்கக் கண்டேன். கிழிந்த இடத்திற்கு எத்தனை கண் வேண்டுமென்று அவன் எண்ணிப் பார்க்கவில்லை. கண்ணாற் பார்த்தான், கை ஓடியது. "எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "இஞ்சாலை பதினாறு கண், சேர். ஒம்பது கிடக்கு. ஏழு போடவேணும்" என்றான். பதினாறிலிருந்து ஒன்பதைக் கழிக்கும் கணக்கை முந்திய வாரம் கொப்பியிலே பிழையாகச் செய்தவன் அவன். அறிவு அவனிடம் இருந்தது. அதற்கும் என் பாடத்துக்கும் இடையேதான் பாதை இல்லை. அப்பாதையை அமைப்பது அவன் கடமையன்று, ஆசிரியன் கடமை.

2. முன்னோர் கண்ட வழி

கையாற் செய்து கற்றல் புதிய முறையன்று. நம்மவர் ஏடு தொடக்கும் நாளில், பிள்ளையின் விரலைப் பிடித்துப் பச்சரிசியிலே எழுதுவிக்கின்றனர். திண்ணைப் பள்ளிகளில் மணல் பரப்பி விரலால் எழுதிய பின்னரே ஏடும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. மஞ்சாடியும் புளியங்கொட்டையும் எண்ணக் கற்பித்தன. எழுத்தின் வடிவத்தை விரல் அறிந்த பின்னரே கண் அறியவேண்டுமென்ற கருத்து நம் மரபில் ஊறிக் கிடந்ததாகும். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, தென்மராட்சியில் ஒரு மரநிழலிலே, கொப்பியின்றி மணலிற் கணக்குச் செய்த நினைவு எனக்கும் உண்டு.

மேனாட்டிலே, புரோபல் என்னும் ஜெர்மானியர் 1837ஆம் ஆண்டு சிறுவர்க்கென ஒரு நிலையத்தைத் தொடங்கி, பந்து, கட்டை, மடித்த கடதாசி என்பவற்றைக் கல்விக் கருவிகளாக்கினார். மொன்ரிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு உரோமை நகரத்து ஏழைக் குடியிருப்பொன்றில் தம் முதற் பள்ளியைத் திறந்தார். மணற் கடதாசியில் வெட்டிய எழுத்துக்களைப் பிள்ளைகள் விரலால் தடவி ஒலி சொல்லுவது அவர் முறை. அவர் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றியதனால், அம்முறை தமிழகத்திலும் பரவியது. 1937ஆம் ஆண்டு வார்தாவிற் கூடிய மகாநாட்டிலே காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். கைத்தொழிலைக் கற்பித்தல் வேறு, கைத்தொழிலின் வாயிலாகப் பாடங்களைக் கற்பித்தல் வேறு என்பதே அக்கல்வியின் உயிர்நிலை.

நம் நாட்டிலும் முயற்சிகள் நடந்தன. கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராயிருந்த 1930களில், கண்டிப் பகுதியிலுள்ள ஹந்தெசவின் பெயரால் வழங்கிய கிராமக் கல்வித் திட்டம் தோன்றியது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திலே, ஊர்த் தொழில்களை அடிப்படையாகக் கொண்ட தொழில்முன்னிலைப் பாடம் புகுத்தப்பட்டு, 1977இன் பின் கைவிடப்பட்டது. யாழ்ப்பாணத்துச் சித்திரக் கல்வியைப் பொறுத்தவரை, 1938ஆம் ஆண்டு வின்சர் ஓவியக் கழகத்தை நிறுவிய எஸ். ஆர். கனகசபை அவர்களும், பின்னாளில் எத்தனையோ இளைஞரைத் தூரிகை பிடிக்கச் செய்த ஓவியர் அ. மாற்கு அவர்களும் நன்றியுடன் நினைக்கத்தக்கோர்.

ஹந்தெசத் திட்டமும் தொழில்முன்னிலைப் பாடமும் ஏன் நிலைக்கவில்லை? காரணம் பலவாகலாம். பெற்றோரின் ஐயம் அவற்றுள் முதன்மையானது. பட்டணத்துப் பிள்ளைக்குப் புத்தகக் கல்வி. நாட்டுப்புறத்துப் பிள்ளைக்கு மண்வெட்டிக் கல்வியா என்று அவர்கள் கேட்டனர். அக்கேள்வி நியாயமானது. அதே கேள்வியை எழுவைதீவிலே ஒரு தாயின் வாயிலிருந்து யானும் கேட்க நேர்ந்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

3. மூன்று பாடங்கள்

(அ) எழுத்து: ஈர்க்கும் களிமண்ணும்

தமிழ் நெடுங்கணக்கு 247 எழுத்துக்களைக் கொண்டது. வாசிக்க இடர்ப்படும் பிள்ளைக்கு அதனை அகரத்திலிருந்து வரிசையாகத் தொடங்குதல் கடினம். அ, ஆ, இ என்பன வளைவும் சுழியும் மிக்கவை. ஆதலின் வடிவத்தின் எளிமையை நோக்கி வரிசையை மாற்றினேன். ஈர்க்கு இரண்டு வைத்தால் 'ட'. மூன்று வைத்தால் 'ப'. அவற்றைக் கொண்டே 'பட்டம்' என்னும் சொல்லுக்கு வழி பிறந்தது; 'ம'கரத்தின் வளைவுக்கு மட்டும் ஒரு துண்டுக் கயிறு வேண்டியிருந்தது.

அடுத்து, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பை களிமண் கொண்டு சென்றேன். களிமண்ணைத் திரிபோல் உருட்டி எழுத்துக்களை அமைத்தோம். கண்ணாற் பார்த்து மயங்கிய எழுத்துக்கள் கையில் மயங்கவில்லை. 'ன' என்பதற்கு இரண்டு சுழி, 'ண' என்பதற்கு மூன்று சுழி என்று நூறுமுறை சொல்லியும் பதியாத வேறுபாடு, ஒரு சுழி கூடுதலாக உருட்ட வேண்டியவிடத்து, விரலிலே பதிந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து படிகள் வகுத்துக்கொண்டேன்: உருட்டி அமைத்தல், கண்ணை மூடி விரலால் தடவி ஒலி சொல்லுதல், மணலில் எழுதுதல், தாளில் எழுதுதல், அவ்வெழுத்து வரும் சொல்லொன்றை வாசித்தல். இவற்றுள் எதனையும் விடலாகாது. இறுதிப் படியை விட்டால் களிமண் விளையாட்டே எஞ்சும்.

சொற்களையும் தீவிலிருந்தே எடுத்தேன். ஒலி மயக்கம் தீர வலை, வள்ளம், மழை என்னும் மூன்றும் போதும். லகர, ளகர, ழகரங்கள் அவற்றில் அமைந்துள்ளன. 'நண்டு' என்ற ஒரு சொல்லிலே நகரமும் ணகரமும் உள்ளன. 'மீன்' என்பதில் னகரம். களிமண்ணில் நண்டொன்று செய்து, அதன் கீழே பெயரையும் களிமண்ணாலேயே எழுதிய நாளில், நான் முற்கூறிய மாணவன் அப்பெயரை நான்கு முறை விரலால் தடவித் தானே வாசித்தான். யான் ஒன்றும் கூறவில்லை. கூறியிருந்தால் அவன் கூசியிருப்பான்.

(ஆ) கணக்கு: ஓலைப் பின்னல்

ஓலையை ஒரே அகலமாக வார்ந்து, பாதியைச் சாயத்திற் சிவப்பாக்கி, மற்றப் பாதியை வெள்ளையாகவே விட்டோம். சிவப்போலை ஆறு நெடுக்காகவும், வெள்ளோலை நான்கு குறுக்காகவும் வைத்து ஒன்றுவிட்டொன்று பின்னினால், ஓலைகள் சந்திக்கும் கட்டங்கள் இருபத்து நான்கு. அவற்றிற் பன்னிரண்டு சிவப்பு, பன்னிரண்டு வெள்ளை. பெருக்கல் வாய்பாடு இங்கே கண்ணுக்குத் தெரிகின்றது. பின்னர் ஐந்தும் மூன்றுமாகப் பின்னச் சொன்னேன். கட்டங்கள் பதினைந்து; ஒரு நிறம் எட்டு, மற்றது ஏழு. "ஏன் சரிபாதியாகவில்லை?" என்று கேட்டேன். பல பின்னல்களைப் பின்னிப் பார்த்த பின்னர், இருபுறமும் ஒற்றையாயின் சரிபாதியாகாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தனர். அவ்விதியை யான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம், இருபத்து நான்கு கட்டங்கள் வருமாறு எத்தனை வகையாகப் பின்னலாம் என்று வினாவினேன். ஆறும் நான்கும், எட்டும் மூன்றும், பன்னிரண்டும் இரண்டும் எனப் பின்னிக் கொண்டுவந்தனர். கட்டம் ஒன்றே, ஆனால் ஓரம் கட்ட வேண்டிய ஓலையின் நீளம் ஒன்றன்று. ஒரு கட்டத்தின் பக்கத்தை ஓரலகாகக் கொண்டால், முதலாவதற்கு இருபது, இரண்டாவதற்கு இருபத்திரண்டு, மூன்றாவதற்கு இருபத்தெட்டு. பரப்பளவும் சுற்றளவும் வேறென்பதை உணர்த்த இதனினும் தெளிவான உபகரணத்தை யான் எந்தக் கடையிலும் காணவில்லை.

(இ) மொழியும் சூழலும்: மணல்வரைபடமும் பட்டமும்

பாடசாலை வளவில் ஈரமணலைக் குவித்துத் தீவின் வடிவத்தை அமைத்தோம். இறங்குதுறை, கோயில், தேவாலயம், பனங்கூடல், பாடசாலை, காற்றாலும் ஞாயிற்றொளியாலும் மின்னாக்கும் நிலையம் எல்லாம் சிப்பியும் ஈர்க்கும் கொண்டு நிறுவப்பட்டன. வகுப்பிலே ஒரு சொல்லும் பேசாத மாணவியொருத்தி கிணறுகளை வைத்தாள். நன்னீர்க் கிணற்றுக்கு வெண்சிப்பி; உவர்நீர்க் கிணற்றுக்குக் கருங்கல். நாள்தோறும் நீரள்ளச் செல்பவளாதலின், ஒன்றிலும் பிழையில்லை. பிறர் வைத்தவற்றையும் திருத்தினாள். பின்னர் ஒவ்வோரிடத்துக்கும் பெயரெழுதிய மட்டை வேண்டியிருந்தது. அதன்பின் "நன்னீர்க் கிணறு எமது வீட்டுக்கு வடக்கே உள்ளது" என்பன போன்ற வசனங்கள் வந்தன. கட்டுரை எழுதச் சொன்னால் வெறுந்தாள் கொடுத்தவள், அன்று ஏழு வசனம் எழுதினாள்.

தை மாதத்தில், வாடைக் காற்று வீசுங்காலம், பட்டங் கட்டினோம். செங்கோணம், சமச்சீர், நடுப்புள்ளி ஆகிய சொற்களுக்கு அங்கே பொருள் கிடைத்தது. இருபுறமும் ஒவ்வாத பட்டம் சுழன்று விழும். பிழையென்று ஆசிரியன் சிவப்பு மையால் அடையாளமிட வேண்டியதில்லை, காற்றே திருத்திவிடும். பிள்ளையும் வெட்கமின்றி அவிழ்த்து மீண்டும் கட்டும். இடர்ப்படும் மாணவர்க்கு இதுவே பெரும் மருந்து. கொப்பியிற் கண்ட பிழை அவனுடைய பிழையாகத் தோன்றுகிறது. கைவேலையிற் கண்ட பிழை பட்டத்தின் பிழையாகத் தோன்றுகிறது. முன்னதைக் கண்டு ஒளிவான், பின்னதைத் திருத்துவான்.

4. ஒரு தாயின் கேள்வி

இவ்வாறு ஓலைப் பின்னல் நடந்துகொண்டிருந்தபோது, முற்கூறிய மாணவியின் தாயார் பாடசாலைக்கு வந்தார். கோபத்துடனன்று; துயரத்துடன் பேசினார். "வாத்தியார், பெட்டி இழைக்கிறது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாததை இவளுக்குச் சொல்லிக் குடுங்கோ" என்றார்.

யான் கற்ற கல்வி நூல்கள் எல்லாவற்றிலும் இதனினும் கூர்மையான திறனாய்வு ஒன்றை யான் கண்டதில்லை. அந்த அம்மையார் பெட்டி இழைத்தே பிள்ளைகளை வளர்த்தவர். தம் மகள் அப்பெட்டிக்கு அப்பாற் செல்ல வேண்டுமென்பதற்காகவே பாடசாலைக்கு அனுப்பினார். ஓலையோடு யான் நின்றிருந்தால், அவருடைய நம்பிக்கைக்கு வஞ்சனை செய்தவனாவேன். எனவே, பின்னலை அவர் முன் வைத்து, மகளை அழைத்து, அதன் கட்டங்களைக் கணக்காக எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன். அவள் நான்கு வரியை மெல்ல வாசித்தாள். தாயார் அதைக் கேட்டு நின்று, "அப்ப சரி" என்று மட்டும் சொல்லிப் போனார். அன்றுமுதல், எழுத்திலோ எண்ணிலோ முடியாத கைவேலை எதனையும் வகுப்பில் நடத்துவதில்லை என்று உறுதிகொண்டேன்.

5. ஆசிரியர்க்குச் சில எச்சரிக்கைகள்

முதலாவது: கண்ணையும் காதையும் முதலிற் சோதிக்க வேண்டும். ஒரு மாணவன் களிமண் எழுத்துக்களை எளிதில் அறிந்தான். கரும்பலகையை மட்டும் வாசிக்கமாட்டான். அவனுக்காகப் பல மாதம் களிமண் உருட்டினேன். இறுதியில், தூரத்திலுள்ளவை அவனுக்குத் தெளிவாகத் தெரிவதில்லையென்று வைத்தியர் கண்டார். அவனுக்கு வேண்டியிருந்தது மூக்குக்கண்ணாடி, என் முறையன்று.

இரண்டாவது: 'இவன் கையாற் கற்பவன், அவன் காதாற் கற்பவன்' என்று பிள்ளைகளைப் பிரித்துவைத்தல் தவறு. அத்தகைய பிரிவினையால் நன்மை விளையுமென்பதற்குத் தக்க சான்று இல்லையென்று 2008ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் நால்வர் ஆராய்ந்து உரைத்தனர். கைவேலை எல்லாப் பிள்ளைக்கும் உதவுவது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சொற்களைத் திரும்பத் திரும்ப எழுதியவரிலும், அச்சொற்களுக்குப் படம் வரைந்தவரே அவற்றை மிகுதியாக நினைவிற் கொண்டிருந்தனர். ஓவியத் திறமை வேண்டப்படவில்லை. அமெரிக்காவிலே 2012ஆம் ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு, வாசிக்கத் தொடங்காத சிறுவர் எழுத்துக்களைத் தம் கையால் எழுதிய பின்னரே, அவற்றைக் காணும்போது வாசிப்புக்குரிய மூளைப் பகுதிகள் நன்கு தொழிற்பட்டன என்று காட்டியது. விசையை அழுத்தி எழுத்தைப் பெற்றவர்க்கு அவ்வாறு நிகழவில்லை.

மூன்றாவது: பிள்ளை செய்த பொருளை ஆசிரியன் தன் கையால் அழகுபடுத்தலாகாது. அதிகாரிகள் வரும் நாளில் கண்காட்சிக்காக அவ்வாறு செய்யும் ஆசை எழும். கோணிய நண்டு பிள்ளையின் நண்டு. திருத்திய நண்டு ஆசிரியனின் நண்டு.

நான்காவது: பார்த்தெழுதுதலைக் கற்றலென்று மயங்கலாகாது. அழகிய கொப்பியைக் கண்டால், மூடிவைத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதுவும் தனியே அழைத்துக் கேட்க வேண்டும்.

6. விளைவு

எல்லாரும் தேறினர் என்று எழுதினால் அது பொய்யாகும். இரண்டாண்டு முயன்றும், கூட்டெழுத்தாக அன்றி வாசிக்க இயலாத பிள்ளையொன்று இருந்தது. வேறொருவன் இடையிலேயே தொழிலுக்குச் சென்றுவிட்டான். பாடத்திட்டத்தை முடிக்கவில்லையென்ற குறையும் என்மீது இருந்தது, அது உண்மையே.

ஆனால் ஒன்று கூறுவேன். நான் மாற்றம் பெற்றுச் செல்லும் நாளில், இறங்குதுறையிலே படகுக்காகக் காத்திருந்தேன். படகு நேரம் மாறியதென்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். முதியவர் ஒருவர் அங்கு நின்றவனை அழைத்து, "தம்பி, என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டார். அழகிய கையெழுத்துடைய அந்த மாணவன்தான் நின்றான். என்னைக் கண்டு சற்றுத் தயங்கினான். பின்பு தாளருகே சென்று, விரலை ஒவ்வோர் எழுத்தின் கீழும் வைத்து, இரண்டிடத்தில் நின்று, முழுவதையும் வாசித்து முடித்தான். முதியவர் நேரத்தை அறிந்து வீட்டுக்குத் திரும்பினார். அம்முதியவர்க்கு அவன் இடர்ப்பட்ட மாணவனல்லன்; வாசிக்கத் தெரிந்த பிள்ளை.

7. அன்பர்க்கு விண்ணப்பம்

நம் கல்லூரியின் பழைய மாணவர் பல நாடுகளில் வாழ்கின்றனர். தாய்க் கல்லூரிக்கு மண்டபமும் மைதானமும் அமைத்து உதவுகின்றனர், அப்பணி வாழ்க. அதனுடன், தீவுகளிலுள்ள சிறு பாடசாலைகளையும் நினைவுகூருமாறு வேண்டுகின்றேன். அங்கே வேண்டியவை பெரும்பொருள் அல்ல. வண்ணத் தாள், கத்தரிக்கோல், சாயம், ஒரு மூடை களிமண், ஆண்டுக்கொருமுறை கண் பரிசோதிக்க ஒரு வைத்தியர் என்பனவே. விடுமுறையில் ஊருக்கு வரும் அன்பர், ஒருநாள் படகேறிச் சென்று, பிள்ளைகளோடு ஒரு பட்டங் கட்டிப் பார்க்கலாம்.

கல்லூரியின் விழா நாளிலே முன்வரிசையில் அமர்வோரை வாழ்த்துவோம். கடைசி வாங்கில் இருந்தோரையும் ஒருகணம் நினைப்போம். அவர் கையில் இருந்த அறிவை நாம் அன்று கேட்டறியவில்லை. இன்று அவர் பிள்ளைகளிடமாவது கேட்டறிவோமாக.